முப்பத்தொரு விநாடி

என் வீட்டுக்காரர் முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நின்றுவிடுகிறார். செருப்பு மாட்டும்போது எண்ணுகிறார், சட்டைக்குப் பொத்தான் போடும்போது எண்ணுகிறார், நான் எதிரில் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதுகூட உதடு அசைகிறது. முப்பத்தொன்று வந்ததும் கை அப்படியே நிற்கும். பாதிப் பொத்தானோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னங்க, மிச்சத்தை யார் போடுவா, உங்க மாமியாரா?" என்று ஓர் அதட்டல் போட்டால்தான் ஆள் இந்த உலகத்துக்குத் திரும்புவார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். பயம் பிறகு வந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, சட்டை தைக்கிற தொழிற்சாலையில். நான் மாடியில் இஸ்திரிப் பிரிவு. அவர் கீழே தையல் பிரிவு. ஆனால் அவர் தைக்கிறவர் இல்லை. கையில் ஸ்டாப்வாட்சும், அட்டையில் செருகிய படிவமுமாகத் தைக்கிறவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர். பை வைக்க எத்தனை விநாடி, கை வைக்க எத்தனை விநாடி, காலர் வைக்க எத்தனை விநாடி என்று அளந்து எழுதுவார். அவர் எழுதுகிற எண் பலகையில் ஏறிவிட்டால் அதுதான் சட்டம், அந்த வேலை செய்கிற அத்தனை பேரும் அந்த வேகத்தில் தைத்தாக வேண்டும். எல்லாரும் அவரை 'நொடி சார்' என்பார்கள். நான் 'நொடி சார் வீட்டம்மா'.

வீட்டிலும் அதே கூத்துதான். கல்யாணமான மூன்றாம் நாள் நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்து நானும் வெட்கப்பட்டுத் தொலைத்தேன். "ஒண்ணுக்குப் பத்தொன்பது விநாடி ஆகுது. கத்தியை வலது பக்கம் வச்சா பன்னிரண்டுல முடிஞ்சிரும்" என்றார். கத்தியை எங்கே வைக்கலாம் என்று நான் அவருக்குச் சொன்ன இடத்தை இங்கே எழுத முடியாது. குளியலறைக் கதவில் '6 நிமிடம்' என்று சீட்டு ஒட்டியிருப்பார். நான் அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பேன். அவர் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிடுவார். பத்து வருஷமாக எங்களுக்குள் இந்தச் சண்டை நடந்தது, எனக்கு உள்ளூர அது பிடித்தும் இருந்தது.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார். கஷ்டமான வேலை காலையில் முதல் துண்டு. மேஜையில் ஒரே நேரத்தில் இரண்டு காகிதம் இருக்காது. மேனேஜரே புதிதாகச் சேருகிறவர்களை அழைத்துவந்து, "இவரைப் பாருங்க, ஒரு நாள்ல ரெண்டு நாள் வேலை பார்ப்பார்" என்று காட்டுவார். அதைவிடப் பெரிய விஷயம், தைக்கிற பெண்களுக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கு முன்னால் இருந்தவர் எண்ணை இழுத்துப் பிடித்துக் குறைவாகவே எழுதுகிறவர். இவர் வந்த பிறகுதான் நிமிர்ந்து மூச்சு விட முடிகிறது என்பார்கள்.

அதற்குக் காரணம் அந்தப் படிவத்தில் 'வேகம்' என்று இருக்கிற ஒரு சின்னக் கட்டம். ஸ்டாப்வாட்சுக்கு விநாடிதான் தெரியும், எதிரில் தைக்கிறவள் நிதானமாகத் தைக்கிறாளா, விழுந்தடித்துத் தைக்கிறாளா என்று தெரியாது. அதை அளக்கிறவர் கண்ணால் பார்த்து அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். நிதானம் என்றால் நூறு. அவசரம் என்றால் நூற்றிருபது, நூற்று முப்பது. அப்படி எழுதினால் அதற்கேற்ப விநாடியைக் கூட்டிக் கொடுப்பார்கள். "இந்த ஒரு கட்டத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். மத்ததையெல்லாம் கடிகாரமே பார்த்துக்கும்" என்று அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

காலர் வைக்கிற மிஷினில் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் காலர்காரி. என் வீட்டுக்காரரை 'அண்ணா' என்பாள், அதனால் நான் 'அண்ணி'. ஒல்லி, அதிகம் பேசமாட்டாள், வேலை சுத்தம். ஒருநாள் காலையில் அவள் மகளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்தவள், சூப்பர்வைசரிடம் பாதி நாள் விடுப்புக் கேட்டாள். "இந்தக் காலர் கட்டை முடிச்சிட்டுப் போ. எத்தனை சீக்கிரம் முடிக்கிறியோ அத்தனை சீக்கிரம் போ" என்றார் அவர். இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

அன்றைக்குத்தான் புது ஆர்டருக்குக் காலர் நேரம் எடுக்க வேண்டிய நாள். அவள் தைத்தது தையல் இல்லை, பேய் பிடித்த மாதிரி இருந்ததாம். ஸ்டாப்வாட்ச் இருபத்தெட்டு காட்டியது. மேனேஜர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். அந்த ஆர்டருக்கு அப்படி ஓர் எண் அவருக்குத் தேவையாக இருந்தது. "அருமை! எழுதுங்க, எழுதுங்க" என்று தோளில் தட்டினார். என் வீட்டுக்காரர் 'வேகம்' கட்டத்தில் நூறு என்று எழுதினார். நூல் அறுந்தால், அடிநூல் சுற்றிய பாபின் மாற்றினால், தண்ணீர் குடித்தால், கழிப்பறைக்குப் போனால் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று விநாடி கொடுப்பது வழக்கம். ஆக முப்பத்தொன்று பலகையில் ஏறியது.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு பொய் எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"காலருக்கு. நூத்தி முப்பது போட்டிருக்கணும். நூறு போட்டேன்."

அடுத்த மாதம் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பத்து வருஷம் காத்திருந்த உத்தரவு அது. எனக்கு அதுதான் கண்முன் நின்றது. "ஒரு எண்ணுதானே! உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம். இப்ப போய் எதையாவது உளறி வைக்காதீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ நல்ல விஷயங்களைக் கேட்காத மனிதர், இதை மட்டும் சட்டென்று கேட்டுக்கொண்டார்.

உத்தரவு வந்தது. எண் மாறவில்லை.

கீழே தையல் பிரிவில் எட்டுப் பேர் காலர் வைக்கிறார்கள். எட்டுப் பேரும் முப்பத்தொன்றைத் துரத்தினார்கள். எட்டுப் பேருக்கும் அது எட்டவில்லை. சூப்பர்வைசர் கண்கொத்திப் பாம்பாக நின்று, "ஒருத்தி தைச்சுக் காட்டினாளே, உங்களுக்கு மட்டும் கை இல்லையா?" என்று கத்துவார். அந்த ஒருத்தியாலும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அவள் கையும் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது. அவளே தைத்த வேகத்தை அவளாலேயே பிடிக்க முடியவில்லை.

மற்ற பெண்கள் அவளை ஒதுக்கினார்கள். மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கத் தைத்துக் காட்டினாள் என்றுதான் அவர்கள் நினைப்பு. பாபின் அக்கா என்று ஒருத்தி, காலர்காரிக்கு அடுத்த மிஷின், எப்போதும் ஏப்ரன் பையில் நாலு பாபின் வைத்திருப்பாள், வாய்த்துடுக்கில் எனக்கே அக்கா. அவள்தான் இதில் முன்னணி. "என் புள்ளைக்கு உடம்பு சரியில்ல அக்கா, அதான் அவசரமா தைச்சேன்" என்று காலர்காரி சொல்லிப் பார்த்தாள். "ஆமாமா, மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் புள்ளைக்குக் காய்ச்சல்தான்" என்றாள் பாபின் அக்கா. பிறகு நேராக என் வீட்டுக்காரரிடமே போய், "சார், அவ அன்னிக்கு அவசரத்துலதான் தைச்சாளா? நிஜமா?" என்று கேட்டிருக்கிறாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றிருக்கிறார் இவர். சாப்பாட்டு அறையில் என்னிடமும் கேட்டாள். "அவர் வீட்டில வேலை விஷயமே பேசமாட்டார் அக்கா" என்றேன். கொஞ்சம்கூட வாய் குழறவில்லை எனக்கு.

சாப்பாட்டு அறையில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை உண்டு. தண்ணீர் தெறிக்கும் என்று யாரும் உட்காரமாட்டார்கள். காலர்காரி அங்கே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

ஒரு தடவை அவள் என் வீட்டுக்காரரிடம், "அண்ணா, அன்னிக்கு எப்படித் தைச்சேன்னு எனக்கே தெரியல. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்" என்று கெஞ்சினாளாம். இவர் "பார்க்கலாம்மா" என்றாராம். இப்படியே பதினோரு மாதம் போனது. அதில் மூன்று முறை என்னிடம் வந்து, "சொல்லிடட்டுமா?" என்றார். நிரந்தர உத்தரவு வந்த பிறகும் நான் ஏதாவது ஒரு காரணம் வைத்திருந்தேன். மேனேஜர் கோபமாக இருக்கிறார், ஆர்டர் முடியட்டும், புது வருஷம் பிறக்கட்டும். காரணம் தேடுவதில் நானும் ஒரு நாளில் இரண்டு நாள் வேலை பார்க்கிறவள்தான்.

காலர்காரி வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறாள். குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் ஆறேழு காலர் போய்விடும். நீர்க்கடுப்பு வந்தது. யாரிடம் சொல்வாள், பேசத்தான் ஆள் இல்லையே. காய்ச்சலோடு இரண்டு வாரம் வேலைக்கு வந்தாள். சிறுநீரகத்தில் சீழ் கட்டி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள். தகவல் காலை பத்து மணிக்கு வந்தது. பத்தே காலுக்கு மிஷின்கள் மறுபடி ஓடின.

அன்றிலிருந்துதான் இவர் எண்ண ஆரம்பித்தது.

முதலில் உதடு. பிறகு தண்ணீர். வேலை நேரத்தில் ஒரு சொட்டு குடிக்கமாட்டார், நான் கொடுத்தனுப்பும் பாட்டில் அப்படியே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருப்பேன், திடீரென்று ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். குளியலறைச் சீட்டை அவரே கிழித்துப் போட்டார். வேண்டுமென்றே ஒருநாள் முக்கால் மணி நேரம் குளித்துவிட்டு வந்தேன், சண்டைக்கு வரட்டும் என்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? வாயைத் திறந்துதான் சொல்லுங்களேன்!"

"சாப்பாட்டு நேரத்தில அந்த மிஷின் ஓடுது."

"எந்த மிஷின்?"

"அவளோடது. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஓடுது. என் அறையில உக்காந்திருந்தா கேக்குது. ஒரு காலர் அளவுக்கு ஓடி நிக்கும். மறுபடி ஓடும். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொண்ணுதான் வருது."

"போய்ப் பார்த்தீங்களா?"

"எழுந்திருக்கவே முடியலடி" என்றார். அழுதார். பத்து வருஷத்தில் அவர் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

பேய் பிசாசையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் மாடிப்படியில் இறங்கினேன். பாதிப் படியில் எனக்கே கேட்டது. டர்ரென்று ஒரு ஓட்டம், நிற்கும், துணி திருப்புகிற அளவு அமைதி, மறுபடி டர்ர். ஒற்றை மிஷின். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். 'அண்ணி' என்று ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும்.

போய்ப் பார்த்தேன். விளக்குகளில் பாதியை அணைத்திருந்தார்கள். வரிசையில் எல்லா நாற்காலியும் காலி. காலர்காரியின் நாற்காலியில் ஒருத்தி குனிந்திருந்தாள். அவள் இடத்துக்கு வந்த புதியவள். 'புதுசு' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், என் வயதுதான் இருக்கும். அருகில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. எண்ணைப் பிடிக்க முடியல. இந்த அரை மணி நேரம் சேர்த்தாத்தான் கணக்கு சரியாகுது."

"தண்ணி குடிச்சியா?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். "குடிடி முதல்ல!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய்க் குடித்தாள். செத்தவள் ஓட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை நடுக்கம் வந்திருக்காது. அங்கிருந்து நேராக அவர் அறைக்குப் போனேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது அவ இல்லைங்க. அடுத்தவ" என்றேன். பார்த்ததைச் சொன்னேன். "போய்ச் சொல்லிடுங்க. வேலை போனாப் போகட்டும்."

அவர் மேனேஜரிடம் போனார். காலர் நேரம் தப்பு, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். "செத்துப்போனவளை நினைச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க. சரி, நாளைக்கு ஒரு மணி நேரம் தர்றேன். ஆனா வேகம் நூறுதான், வர்ற எண்ணை அப்படியே போட்டுக்கலாம்" என்றார் அவர், ரொம்பத் தாராளமாக.

மறுநாள் இஸ்திரிக்கு வந்த சட்டைகளில் தையல் சுருக்கம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு நான் கீழே போய் நின்றேன். இவர் ஸ்டாப்வாட்சோடு புதுசுக்குப் பின்னால் நின்றார். அவள் முதுகு விறைத்தது. மிஷின் பறந்தது. இருபத்தொன்பது. "மெதுவா தைம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மெதுவாகத் தைக்கிறவளைப் பிடிக்கத்தான் சார் பொறி வைக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் குனிந்து இன்னும் விரட்டினாள். இருபத்தெட்டு. அடுத்தவளுக்குப் பின்னால் போனார். அவளும் அப்படியே. "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சக் கெஞ்ச எண் இறங்கிக்கொண்டே போனது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று புன்னகைத்தார். புது எண் பழையதைவிடக் குறைவாகப் பலகையில் ஏறப்போகிறது. என் வீட்டுக்காரர் முகம் சாம்பலாகிவிட்டது.

அவர் ஸ்டாப்வாட்சைப் புதுசின் மேஜைமேல் வைத்துவிட்டு, வரிசைக்கு நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கம்மா. அன்னிக்கு அவ புள்ளைக்கு நிஜமாவே காய்ச்சல். சீக்கிரம் முடிச்சாத்தான் வீட்டுக்குன்னு சொன்னாங்க. அதனாலதான் அப்படித் தைச்சா. நான் பக்கத்திலயே நின்னேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நிதானமாத் தைச்சான்னு எழுதினேன். அவ உங்களுக்கு எந்தத் துரோகமும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

பாபின் அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அவள் மிஷின் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. யாரும் அவரைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேனேஜர் வந்து அவர் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்.

அடுத்த வாரம் வேறொருவரை வைத்து நேரம் எடுத்தார்கள். விஷயம் தெரிந்த பெண்கள் இந்தத் தடவை நிதானமாகத் தைத்தார்கள். நாற்பது வந்தது, பலகையிலும் நாற்பது ஏறியது. புதுசு இப்போது எல்லாரோடும் சாப்பிடுகிறாள். இவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், அட்டைப்பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிறார். யார் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கிறார். எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எண் மாறிய நாலாம் நாள் மத்தியானம் பாபின் அக்கா டப்பாவோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவளாக வந்து என்னோடு உட்கார்ந்ததே இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் வீட்டுக்காரர் உன்கிட்ட எப்ப சொன்னார்?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்?

"அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டார் அக்கா" என்றேன்.

அவள் கையில் இருந்த சோற்று உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"நான் உன்கிட்ட வந்து கேட்டேனே. ஆமா அக்கா, அவ சொல்றது நிஜம்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து என் பக்கத்தில உக்கார வச்சிருப்பேன். பதினோரு மாசம் அவ தனியா தின்னா. என்னென்ன பேசினேன் தெரியுமா அவளை? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். நீ உன் வீட்டுக்காரர்கிட்ட அழுது தீர்த்துக்குவ. அவரும் எல்லார் முன்னாலயும் சொல்லி இறக்கி வச்சுட்டார். நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

மணி அடித்துவிட்டது. அவள் டப்பாவை மூடிக்கொண்டு கீழே போனாள், நான் மாடிக்குப் போனேன்.